பூட்ஸ் ரகம்

யாகுத்ஸ்க்கில் தோட்டம் போட ஆசையா?
அப்படியென்றால் செப்டம்பரிலேயே மண் சேர்த்துவிடு.
பிறகு கிடைக்காது.
மண் எங்கேயும் ஓடிவிடாது, இங்கேயேதான் இருக்கும்,
கடப்பாரைக்கும் மசியாத பாறையாக.
நான் ஆறு சாக்கு கொண்டுவந்து
பால்கனியில் அடுக்குகிறேன்.
உருளைக்கிழங்கா என்பார்கள் வருகிறவர்கள்.
மண் என்றதும்
அடுத்த கேள்வி வராது.

மார்ச். வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
ஒரு சாக்கை உள்ளே இழுத்துக்
குளியலறையில் கிடத்துகிறேன்.
இரண்டாம் நாள் இளகி
வீடு முழுக்க மழை பெய்த வாசம்.
பல் துலக்கிக்கொண்டிருந்த மிச்சில்
வாய் நிறைய நுரையோடு சொன்னான்:
கதவைச் சாத்தாதே.

விதைகளை ஈரப் பஞ்சில் சுற்றி
வைஃபை பெட்டியின் மேல் வை. அந்த இளஞ்சூடு போதும்.
(ரேடியேட்டர்மேல் வைத்து
இருபது மிளகாய் விதையை வறுத்தவள் நான்.)
மோர் வந்த அட்டைப்பெட்டிக்கு அடியில் ஓட்டை.
பெட்டிக்கு ஒரு விதை.
பேராசைப்பட்டு மூன்று போட்டால்
அப்புறம் இரண்டைக் கிள்ள வேண்டும்.
அதற்கு எனக்குக் கை வராது.
ஆகவே ஏப்ரலில்
எங்கள் வீட்டில் ஜன்னல் கிடையாது.

எனக்கு அனல் நிலையத்தில் இரவு ஷிப்ட்.
ஊருக்கெல்லாம் சூடு அனுப்பிவிட்டு வந்து
தக்காளிக்கு விளக்குப் போடுகிறேன்.

விளையும் பயிர் முளையிலே தெரியுமாம்.
எனக்கு ஒருமுறையும் தெரிந்ததில்லை.
கழுத்து மெலிந்து சாய்ந்த ஒன்றுதான்
போன வருடம் இருபத்தாறு காய்த்தது.
நிமிர்ந்து நின்ற அழகனோ
இலையாகவே வாழ்ந்து முடித்தான்.

மே. லேனா ஆறு பனிக்கட்டியை
இடித்து நொறுக்கித் தள்ளிக்கொண்டு போகும்.
நாற்றுகளைப் பால்கனிக்குக் காட்டு:
முதல்நாள் பத்து நிமிடம்,
மறுநாள் அரைமணி.
காற்றுக்கு அவை நடுங்கும், நடுங்கட்டும்.
நீயும் பக்கத்தில் நின்று நடுங்கு.

ஜூன் பத்துக்குமேல் தோட்ட வீடு.
ஒன்றரை மண்வெட்டி ஆழத்தில்
டங்கென்று ஐஸ். அது என்றும் உருகாது.
கீழே போக வழியில்லை என்றால் மேலே போ:
பக்கத்துத் தோட்டத்து வர்வாராவுக்கு நான்கு மாடுகள்.
சாணத்தை இடுப்புயரம் குவித்து
அதன்மேல் ஒரு சாண் மண்.
விடிகாலையில் பாத்தி ஆவி விடும்.
வெள்ளரிக்கு அடியில் மெத்தை,
மெத்தைக்கு அடியில் மாமூத் காலத்துக் குளிர்.

சூரியன் சும்மா தலையைச் சாய்த்து
எழுந்துகொள்ளும் அந்த வாரங்களில்
வெள்ளரி வளர்வதை உட்கார்ந்தே பார்க்கலாம்.
பார்க்கக் கொசு விட்டால்.
கண்ணாடிக் கூடத்துக்குள் தேனீ வராது.
லாரி எஞ்சினைப் பிரித்து மாட்டுகிற மிச்சில்
என் கன்னத்துத் தூரிகையை எடுத்துக்கொண்டு
பூப்பூவாக மகரந்தம் தொட்டு வைக்கிறான்,
மூச்சைப் பிடித்துக்கொண்டு.
என்னிடம் ஒருநாளும்
இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்ததில்லை.
சொல்லவில்லை. வேலை கெட்டுவிடும்.

ஆகஸ்ட் பத்தொன்பது. இரவு பதினொன்று.
வர்வாரா வேலிக்கு அப்பாலிருந்து கத்தினாள்:
உறைபனி!
இருந்த போர்வையெல்லாம் செடிகளுக்கு.
நாங்கள் கோட்டு மாட்டிக்கொண்டு
வெறும் கட்டிலில்.
காலையில் பாதி கறுத்திருந்தது.
மீதியைப் பச்சையாகவே பறித்தோம்.

பச்சைத் தக்காளி பழுக்க,
கேட்டுக்கொள், கம்பளி பூட்ஸ்தான் சரி.
ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் சுற்றிப்
பூட்ஸுக்குள் போட்டுக் கட்டிலடியில் தள்ளு.
இருட்டில் தானாகச் சிவக்கும்.
அக்டோபர் முழுக்கத் தின்றோம்.

எண்ணி எடுத்தேன் என்றுதான் நினைத்தேன்.
நவம்பரில், மைனஸ் நாற்பத்துமூன்றில்,
லாரி நின்றுவிட்டதென்று போன் வர
மிச்சில் அவசரமாக வலது காலை நுழைத்தான்.

சத்தம் எனக்கு அடுப்படியில் கேட்டது.

காலுறையைக் கழற்றிப் பார்த்தேன்.
கனிந்த சிவப்பு. கொழகொழவென்று
முப்பது விதையாவது தேறும்.
அவன் ஒற்றைக்காலில் நின்று திட்ட,
நான் வடிகட்டி தேடினேன்.

இப்போது காகிதத்தில் காய்கின்றன.
உறைமேல் எழுதிவிட்டேன்: பூட்ஸ் ரகம், வலது கால்.
வர்வாராவுக்குப் பத்து தர வேண்டும்.
காரணம் சொல்லாமல்.